குசாட்சுவில் இரண்டு இரவு: வெந்நீர் ஊற்று ஊருக்கு ஓய்வெடுக்கப் போகிறவர்களுக்கு

குற்றாலத்துக்குப் போனால் அருவியில் எவ்வளவு நேரம் நிற்க முடியுமோ அவ்வளவு நேரம் நிற்போம். தலை மரத்துப்போகிற வரை நின்றுவிட்டு, வெளியே வந்து சூடாக ஏதாவது சாப்பிட்டு, மறுபடியும் போய் நிற்போம். அதே பழக்கத்தோடு ஜப்பானின் வெந்நீர் ஊற்று ஊர்களுக்குப் போகிறவர்கள் இரண்டாம் நாளே தலைச்சுற்றலும் எரிகிற தோலுமாகப் படுத்துவிடுகிறார்கள். அருவி உடம்பைக் கிளப்பிவிடும். ஊற்று வெந்நீர் உடம்பிடம் வேலை வாங்கும். நாடி வேகமாக அடிக்கும், ரத்தக் குழாய்கள் விரியும், வியர்வை கொட்டும். அந்த வேலை முடிந்து படுத்திருக்கிற நேரத்தில்தான் ஓய்வு கிடைக்கிறது. ஆகவே எத்தனை குளியல் என்று கணக்குப் போடாதீர்கள். ஒரு குளியலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம் சும்மா கிடக்கலாம் என்று கணக்குப் போடுங்கள்.

குசாட்சுவை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. டோக்கியோவுக்கு வடமேற்கே, குன்மா மாகாணத்தில், சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலை ஊர் அது. ஜப்பானில் இதைவிட மென்மையான தண்ணீர் உள்ள ஊர்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் திட்டமில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் குசாட்சு போல வேறு எந்த ஊரும் சட்டென்று காட்டிவிடாது. இங்கே ஒழுங்காகக் குளிக்கத் தெரிந்தவர் வேறு எந்த ஊற்றிலும் குளிக்கலாம்.

ஊரின் நடுவில் யுபாதகே இருக்கிறது. ‘வெந்நீர் வயல்’ என்று பொருள். பூமிக்கு அடியிலிருந்து நிமிடத்துக்கு 4,000 லிட்டர் அளவில் பொங்கிவரும் தண்ணீர், 50 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டோடு, வரிசையாகப் போட்ட மரத் தொட்டிகளின் வழியே ஓடி ஆறுகிறது. தொட்டிகளின் அடியில் மஞ்சளும் வெள்ளையுமாகக் கந்தகம் படிந்து கிடக்கும். பச்சை நிறத் தண்ணீர், மேலே ஆவி, காற்றில் அழுகிய முட்டை வாடை. முதல் அரைமணி நேரம் மூக்கைச் சுளிக்க வைக்கும், அப்புறம் மறந்துவிடும். ஆனால் துணியில் ஏறிய வாடை ஒரு துவையலில் போகாது. நல்ல உடைகளை உள்ளே வைத்துப் பையை மூடிவிடுங்கள்.

இந்தத் தண்ணீரின் அமிலத்தன்மை பி.எச். 2 அளவில் இருக்கிறது. கிட்டத்தட்ட எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு. இதில் போட்ட இரும்பாணி சில நாட்களிலேயே ஊசி போல இளைத்துப் பிறகு கரைந்தே போகும். ஊருக்குக் கீழே ஓடும் ஆற்றில் இந்த அமிலம் கலந்து மீன் இல்லாமல், பாலத்துக்குப் போட்ட சிமென்ட் நிற்காமல் இருந்தது. 1964 முதல் அந்த ஆற்றில் சுண்ணாம்புக்கல் பொடியைக் கரைத்துவிட்டு அமிலத்தை முறித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாளும் நிறுத்த முடியாத வேலை அது. இப்படிப்பட்ட தண்ணீரில் நம் தோலை வைக்கப் போகிறோம் என்பது நினைவிருந்தால், மற்ற எல்லா விதிகளும் ஏன் என்று தானாகப் புரியும்.

முதலில் நாள் கணக்கு. ஜப்பானிய விடுதிகளில், அதாவது ரியோகான்களில், பிற்பகல் 3 மணிக்கு அறை தருவார்கள், மறுநாள் காலை 10 மணிக்கு விட வேண்டும். ஓர் இரவு என்றால் கையில் இருப்பது 19 மணி நேரம். அதில் தூக்கம், இரவுச் சாப்பாடு, காலைச் சாப்பாடு, பெட்டி கட்டுவது போக, மிஞ்சுவது ஓட்டமும் நடையும்தான். இரண்டு இரவு என்றால் 43 மணி நேரம், நடுவில் ஒரு முழுநாள் எங்கும் போகத் தேவையில்லாமல் முழுசாகக் கிடைக்கும். செலவு கையைக் கடித்தால், பெரிய விடுதியில் ஓர் இரவைவிடச் சின்ன விடுதியில் இரண்டு இரவு மேல். இரண்டு இடத்திலும் கிடைப்பது இந்த ஊரின் ஊற்றுத் தண்ணீர்தான்.

சனிக்கிழமை இரவைத் தவிருங்கள். கூட்டமும் கூடுதல், கட்டணமும் கூடுதல். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை, ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைக்கும் ஓபோன் நாட்கள், ஆங்கிலப் புத்தாண்டு ஆகிய மூன்றும் ஜப்பான் முழுக்கப் பயணம் போகும் காலம். ஞாயிறு மதியம் போய்ச் செவ்வாய் காலை கிளம்புவது நல்ல கணக்கு. குளிர்காலத்தில் பனி விழும்போது திறந்தவெளிக் குளத்தில் உட்காருவது அழகு. ஆனால் டிசம்பரிலிருந்து மார்ச் வரை தெருவில் உறைபனி வழுக்கும், யுபாதகேயைச் சுற்றிப் படிகளும் சரிவும் அதிகம். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு அக்டோபர் கடைசியும் நவம்பரும் தோதான காலம்.

கட்டணத்தைப் பார்க்கும்போது ஒன்று கவனியுங்கள். ரியோகான்கள் பெரும்பாலும் அறைக்கு அல்ல, ஆளுக்கு விலை சொல்வார்கள். அதில் இரவு, காலைச் சாப்பாடு இரண்டும் அடங்கும். இரண்டு பேருக்கு என்று நினைத்துப் பதிவுசெய்துவிட்டு அங்கே போய் இரட்டிப்பாகக் கட்டுகிறவர்கள் உண்டு. தனியாகப் போகிறவர்களைச் சில விடுதிகள் ஏற்பதில்லை, ஏற்றாலும் கூடுதலாகக் கேட்பார்கள். இதற்கு மேல் குளியல் வரி என்று தலைக்கு ஓர் இரவுக்கு வழக்கமாக 150 யென் வாங்குவார்கள்.

வழி சுலபம்தான். டோக்கியோவின் உவேனோ நிலையத்திலிருந்து ‘குசாட்சு-ஷிமா’ விரைவு ரயிலில் இரண்டரை மணி நேரம், நாகானோஹாரா-குசாட்சுகுச்சி நிலையத்தில் இறங்கினால் வாசலிலேயே பேருந்து, 25 நிமிடத்தில் ஊர். இந்த ரயில் நாளுக்கு மிகச் சிலவே ஓடும், எல்லாமே முன்பதிவு இருக்கைகள். ஆகவே விடுதியைப் பதிவுசெய்த அன்றே போகிற ரயிலையும் திரும்புகிற ரயிலையும் முடிவு செய்துவிடுங்கள். பிற்பகல் மூன்று, மூன்றரைக்குள் விடுதியில் இருக்குமாறு பாருங்கள். ரியோகானில் இரவுச் சாப்பாடு ஆறு அல்லது ஆறரை மணிக்கு. தாமதமாகப் போனால் எடுத்துவைத்துக் காத்திருக்க மாட்டார்கள். சமையல் அந்த நிமிடத்துக்காக நடக்கிறது, அடுக்களை ஆட்களும் சீக்கிரம் வீட்டுக்குப் போகிறவர்கள்.

பெரிய சூட்கேஸைக் கொண்டுபோகாதீர்கள். மலைப் பேருந்தில் வைக்க இடம் குறைவு. தத்தாமி பாய் விரித்த அறையில் சக்கரத்தை உருட்டவும் கூடாது. டோக்கியோ விடுதியின் வரவேற்பு மேஜையிலேயே பெட்டியைக் கூரியரில் கொடுத்து, குசாட்சுவுக்குப் பிறகு தங்கப்போகும் இடத்துக்கு நேராக அனுப்பிவிடலாம். இரண்டு இரவுக்கு ஒரு தோள்பை போதும். யுகாதா என்கிற பருத்தி அங்கியும் துண்டுகளும் விடுதியில் தருவார்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சைவம் சாப்பிடுகிறவர்களின் பயணம் இங்கேதான் கெடுகிறது. ஜப்பானியச் சமையலில் ரசம், குழம்பு, வேகவைத்த காய், தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றுக்கும் அடிப்படை தாஷி என்கிற வடிநீர். அதைப் பெரும்பாலும் கட்சுவோ மீனைப் புகையில் காயவைத்துச் சீவிய சீவலில் எடுப்பார்கள். நம் மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய உறவு அது, மீனும் ஒன்றேதான். தட்டில் கத்தரிக்காயும் டோஃபுவும் மட்டுமே இருக்கும், ஆனால் அது வெந்தது மீன் சாற்றில். ‘சைவம்’ என்று மட்டும் எழுதினால் இறைச்சியையும் மீன் துண்டையும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே வைப்பார்கள். அவர்கள் ஏமாற்றுவதில்லை, தாஷியை அவர்கள் மீனாகவே எண்ணுவதில்லை. ஆகவே பதிவு செய்யும்போதே எழுத்தில், ஜப்பானிய மொழியில், இப்படிச் சொல்லுங்கள்: இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், மீனில் எடுத்த தாஷியும் வேண்டாம், ‘கொம்பு’ என்கிற கடற்பாசியிலோ ஷீத்தாக்கே காளானிலோ எடுத்த தாஷி சரி. முட்டை, பால் உண்டா இல்லையா என்பதையும் தனியாகச் சொல்லுங்கள். போய் இறங்கிய பிறகு சொன்னால் எதுவும் மாறாது, ஏனென்றால் சாமான் முன்பே வாங்கியாகிவிட்டது, சாறும் இறக்கியாகிவிட்டது.

முடியாது என்று பதில் வந்தால் வற்புறுத்த வேண்டாம். சாப்பாடு இல்லாமல் அறை மட்டும் எடுக்கும் முறை உண்டு, சுடோமரி என்பார்கள். விலையும் பாதியளவு குறையும். அப்போது இரவுச் சாப்பாட்டுக்கு வழியை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊற்று ஊர்களில் கடைகள் சீக்கிரம் அடைத்துவிடும், எட்டு மணிக்கு மேல் திறந்த கடையைத் தேடுவது கஷ்டம். வெந்நீர் ஊற்றினால் போதும் என்கிற உப்புமா, அவல் பொட்டலங்கள் கொஞ்சம் பையில் இருக்கட்டும். அறையில் கெட்டில் இருக்கும், அடுப்பு எரிக்கக் கூடாது. தெருவில் ஆவியில் வேகவைத்து விற்கும் ஒன்சென் மஞ்ஜு, சிவப்புப் பயறும் சர்க்கரையும் பூரணமாக வைத்த கோதுமை உருண்டை. நம் கொழுக்கட்டைக்குப் பழகிய நாக்குக்கு உடனே பிடித்துவிடும்.

அறைக்குள் நுழைந்ததும் மேஜையில் ஒரு சின்ன இனிப்பும் பச்சைத் தேநீரும் இருக்கும். மரியாதைக்கு வைத்தது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். பயணக் களைப்பில், காலி வயிற்றோடு வெந்நீரில் இறங்கினால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கித் தலை சுற்றும். அந்த இனிப்பையும் தேநீரையும் சாப்பிட்டு அரைமணி நேரம் காலை நீட்டிவிட்டுப் போங்கள். கூடவே ஒரு டம்ளர் தண்ணீர்.

கிளம்பும் முன் உடம்பில் இருக்கும் உலோகத்தைக் கழற்றுங்கள். வெள்ளி மெட்டியும் கொலுசும் கந்தகம் பட்டுச் சில நிமிடங்களிலேயே கறுத்துவிடும். தங்கம் தாங்கும், ஆனால் நகையில் கலந்திருக்கும் செம்பும் வெள்ளியும் மங்கும். மெட்டியை அங்கே போய்க் கழற்ற முயன்றால் வராது. வெந்நீரில் விரல் வீங்கியிருக்கும். வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழற்றி வைத்துவிட்டு வருவது நல்லது. அன்று காலை முகமோ காலோ மழிக்காதீர்கள். மழித்த தோலில் இந்தத் தண்ணீர் பட்டால் மிளகாய் அரைத்த கையைக் கண்ணில் வைத்த மாதிரி இருக்கும். காண்டாக்ட் லென்ஸும் வேண்டாம். தலைக்கு எண்ணெய் வைக்கும் வழக்கம் உள்ளவர்கள் முந்தின நாளே நன்றாக அலசிவிடுங்கள். பொதுக் குளத்தில் எண்ணெய் மிதந்தால் அதைப் போல வருத்தம் தருவது வேறில்லை.

உடையில்லாமல் குளிக்க வேண்டும் என்பதுதான் நம் ஆட்களைப் பெரிதும் தயங்க வைப்பது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குளம், நீச்சல் உடை அனுமதி இல்லை. தயக்கம் தீராவிட்டால் அதற்கு வழி இருக்கிறது. பல விடுதிகளில் குடும்பத்துக்கென்று பூட்டிக்கொள்ளும் தனிக் குளியலறை உண்டு, 45 அல்லது 50 நிமிடத்துக்குக் கொடுப்பார்கள். சிலவற்றில் இலவசம், சிலவற்றில் கட்டணம். வந்திறங்கியதும் வரவேற்பில் முதல் வேலையாக அதற்கு நேரம் குறித்துவிடுங்கள், மாலை நேரங்கள் சட்டென்று போய்விடும். பச்சை குத்தியிருப்பவர்களுக்கும் இதுவே வழி. பொதுக் குளத்தில் அனுமதி உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள், இடத்துக்கு இடம் மாறும். பொதுக் குளத்திலேயே தனிமை வேண்டுமென்றால் மூன்றரை மணிக்கோ விடியற்காலை ஐந்தரைக்கோ போங்கள். ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள், யாரும் யாரையும் பார்ப்பதில்லை.

வாசலில் தொங்கும் துணித் திரையை ஒவ்வொரு முறையும் பாருங்கள். நீலம் ஆண்களுக்கு, சிவப்பு பெண்களுக்கு என்பது பொது வழக்கம். ஆனால் இரவுக்கும் காலைக்கும் நடுவில் திரையை மாற்றிப் போடும் விடுதிகள் ஏராளம், எல்லோரும் இரண்டு குளங்களையும் அனுபவிக்கட்டும் என்று. நேற்று போன வாசலுக்கே தூக்கக் கலக்கத்தில் போனால் சங்கடம்தான்.

உள்ளே போனதும் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழு உடம்பையும் கழுவுங்கள். நின்றுகொண்டு ஷவரைத் திருப்பினால் பக்கத்தில் இருப்பவர் மேல் தெறிக்கும். ஸ்டூல் மிகவும் தாழ்வாக இருக்கும். முழங்கால் வலிக்காரர்கள் உயரமான ஸ்டூலும் கைப்பிடியும் உள்ளனவா என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள். கூடவே கட்டிலும் நாற்காலியும் உள்ள அறையா என்றும் கேளுங்கள். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, தரையில் விரித்த மெத்தையிலிருந்து எழுந்திருப்பது இரண்டு நாளும் பெரும்பாடாகிவிடும்.

நுரை போக அலசிய பிறகு குளத்தோரம் போய், மரக் கிண்ணியில் குளத்து வெந்நீரை மொண்டு ஊற்றிக்கொள்ளுங்கள். முதலில் பாதம், பிறகு முழங்கால், இடுப்பு, கை, கடைசியில் தோள். பத்து கிண்ணியாவது. இதைத் தவிர்த்துவிட்டு நேராக இறங்குவதால்தான் ரத்த அழுத்தம் திடீரென ஏறி இறங்குகிறது. குசாட்சுவின் பழைய வைத்திய முறையில் தலையிலும் நிறைய ஊற்றிய பிறகே இறங்கவிட்டார்கள், அதுவும் 3 நிமிடத்துக்கு மேல் உள்ளே விட்டதில்லை. ஊரில் இன்றும் காட்டப்படும் யுமோமி அந்தக் காலத்து மிச்சம்தான். ஆள் உயரப் பலகைகளால் வெந்நீரைப் புரட்டிப் புரட்டி ஆற்றுவார்கள். குளிர்ந்த தண்ணீர் கலந்தால் ஊற்றின் சத்து நீர்த்துவிடும் என்பது கணக்கு.

நீங்கள் முதல் முறை 3 நிமிடம் இருந்தால் போதும். இடுப்பளவு ஒரு நிமிடம், தோள் வரை இரண்டு நிமிடம். வெளியே வந்து ஓரத்தில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். மறுபடி 3 நிமிடம். நெற்றியில் வியர்வை முத்து முத்தாகத் தெரிந்தால் அதுதான் எழுந்திருக்க வேண்டிய அடையாளம், கடிகாரம் அல்ல. எல்லாம் சேர்த்து 10 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். எழும்போது சட்டென்று எழாமல் விளிம்பைப் பிடித்து மெல்ல எழுங்கள். விரிந்த ரத்தக் குழாய்களில் ரத்தம் காலுக்கு இறங்கிவிடும், கண் இருண்டு வழுக்குக் கல்லில் விழுவது அந்த நொடியில்தான். சின்னத் துண்டைத் தண்ணீரில் நனைக்காமல் தலையில் மடித்து வையுங்கள். அந்தத் தண்ணீரால் முகத்தை மட்டும் துடைக்காதீர்கள், கண் எரிந்து தவித்துப்போவீர்கள்.

குளித்த பிறகு மேலே நல்ல தண்ணீர் ஊற்றலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். மென்மையான ஊற்றுகளில் ஊற்ற வேண்டாம் என்பார்கள். குசாட்சுவில், தோல் வறண்டவர்களும் எளிதில் அரிக்கும் தோல் உள்ளவர்களும் கட்டாயம் ஊற்றிக் கழுவுங்கள். தொடை இடுக்கு, அக்குள், முழங்கால் மடிப்பு ஆகியவற்றில்தான் முதலில் சிவக்கும். சிவந்துவிட்டால் அன்றைக்கு அடுத்த குளியல் கிடையாது. நாலைந்து முறை குளித்த பிறகு காரணமில்லாமல் அசதி, பசியின்மை, லேசான தலைவலி வருவதை யு-அதாரி என்பார்கள். உடம்பு ‘போதும்’ என்று சொல்கிறது. ஒரு நாள் விட்டால் சரியாகும்.

அறைக்கு வந்ததும் தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் பகலில் தூங்கக் கூடாது என்பது நம் வீட்டுப் பழக்கம். இங்கே அதை மறந்துவிடலாம். அரைமணி, முக்கால் மணி கண்ணை மூடுவதுதான் இந்தப் பயணத்தின் முக்கியமான வேலை. யுகாதாவை இடப்பக்கம் மேலே வருமாறு கட்டுங்கள். வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவருக்குக் கட்டும் முறை, பார்க்கிறவர்கள் பதறிப்போவார்கள்.

முதல் நாள் ஒரு குளியல், முடிந்தால் படுக்கும் முன் இன்னொன்று. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், மது குடித்திருந்தால் அன்றைக்கு வேண்டவே வேண்டாம். நடுநாள் அதிகபட்சம் மூன்று: விடியற்காலையில் ஒன்று, பிற்பகல் ஒன்று, இரவில் ஒன்று. அந்தப் பிற்பகலுக்கு ஊரின் மேற்கே சாய்னோகவாரா பூங்காவில் இருக்கும் பெரிய திறந்தவெளிக் குளம் அருமை. முகம் குளிர்ந்த காற்றில் இருப்பதால் மூச்சு முட்டாது. ஓதாகினோயு குளியல் இல்லத்தில் 38 டிகிரியிலிருந்து 46 டிகிரி வரை படிப்படியாகச் சூடேறும் தொட்டிகள் இருக்கின்றன. மெல்லிய சூட்டில் தொடங்கி, உடம்பு எங்கே ‘போதும்’ என்கிறதோ அங்கே நின்றுகொள்ளலாம். யுபாதகே ஓரத்து ஷிராஹதானோயுவில் காசில்லாமல் குளிக்கலாம், ஆனால் தண்ணீர் கடுமையான சூடு. புதியவர்கள் அங்கே தொடங்க வேண்டாம்.

காய்ச்சல், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், இதயம் பலவீனம் உள்ளவர்கள் இறங்கக் கூடாது. இன்சுலின் போடுகிறவர்கள் ஊசி போட்டவுடன் குளிக்காதீர்கள். சூட்டில் இன்சுலின் வேகமாக ரத்தத்தில் ஏறும், சர்க்கரை மளமளவென்று இறங்கும். குளத்துக்குத் தனியாகப் போகாதீர்கள், மிட்டாய் ஒன்றையும் துணிக்கூடையில் வைத்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எழும்போது வரும் தலைச்சுற்றல் இரட்டிப்பாக இருக்கும். கர்ப்பிணிகள் தங்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். 40 டிகிரிக்கு மேற்பட்ட தொட்டிகள் அவர்களுக்கு ஆகாது.

இன்னொன்று, ஊருக்கு மேலே நிற்கும் குசாட்சு-ஷிரானே உயிருள்ள எரிமலை. 2018 ஜனவரி 23 அன்று அதன் ஒரு சிகரம் திடீரென வெடித்ததில் பனிச்சறுக்குத் தளத்தில் இருந்த ஒருவர் இறந்தார். ஊருக்கு ஆபத்தில்லாமல்தான் இருந்தது. ஆனாலும் மலைமேல் போகும் எண்ணமிருந்தால் ஜப்பான் வானிலை நிறுவனத்தின் எரிமலை எச்சரிக்கை நிலையைக் கிளம்பும் நாளில் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது இரவுக்கு வசதி இருக்கிறவர்கள் அதைக் குசாட்சுவில் செலவழிக்க வேண்டாம். அதே ரயில் பாதையில் டோக்கியோ பக்கமாகத் திரும்பினால் நாகானோஜோ நிலையம். அங்கிருந்து பேருந்தில் சவாதாரி அல்லது ஷிமா போகலாம். குசாட்சுவின் அமிலத்தில் முறுகிய தோலைச் சவாதாரியின் மெல்லிய தண்ணீரில் ஆற்றிக்கொண்டு வீடு திரும்புவது அந்தக் காலத்திலிருந்து வரும் வழக்கம். ‘குசாட்சுவைச் சரிசெய்யும் வெந்நீர்’ என்றே அதற்குப் பெயர்.

அது முடியாதவர்கள், கிளம்பும் நாள் காலையில் கடைசிக் குளியலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். வியர்வை அடங்கவும் முடி காயவும் ஒன்றரை மணி நேரம் வேண்டும். ஈரத்தலையோடு மலைக்காற்றில் பேருந்துக்கு நின்றால், இரண்டு நாள் சேர்த்த சூடு அந்தப் பத்து நிமிடத்தில் இறங்கி உடம்பு நடுங்கிவிடும். முடியை உலர்த்தி, சாக்ஸ் போட்டு, காலைச் சாப்பாட்டை நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்குச் சாவியைக் கொடுங்கள்.